காரின் எஞ்சினுக்குப் பெயிண்ட் அடித்த அனுபவங்கள்: எங்கே நின்றது, எங்கே உரிந்தது

எஞ்சினுக்குப் பெயிண்ட் அடிக்கப்போகிறேன் என்று யார் வந்தாலும் முதலில் கேட்பது எந்த நிறம், எந்த கம்பெனி என்பதைத்தான். பழைய எஞ்சின்களைப் பிரித்துச் சேர்க்கும் வேலையில் இருப்பவன் நான். பெயிண்ட் உரிந்த நிலையில் என் கைக்கு வந்த எஞ்சின்களைப் பார்த்தவரையில், குற்றம் பெரும்பாலும் பெயிண்டில் இருந்ததில்லை. அதற்கு அடியில் விடுபட்டுப்போன எண்ணெய்ப் பிசுக்கில்தான் இருந்தது.

அப்படி வந்தவற்றுள் ஒரு நான்கு சிலிண்டர் எஞ்சினைக் குறிப்பாகச் சொல்ல வேண்டும். சிலிண்டர்கள் அமைந்த அடிப்பகுதியான பிளாக் வார்ப்பிரும்பு, அதை மேலே மூடும் ஹெட் அலுமினியம். உரிமையாளர் தரமான எஞ்சின் எனாமலையே (எஞ்சினுக்கென்று வரும் சூடு தாங்கும் பெயிண்ட்) வாங்கி அடித்திருந்தார். பிளாக்கின் மேல்பகுதியில் அது உறுதியாக நின்றது. ஆனால் அடியில் எண்ணெய் தங்கும் தொட்டியான ஆயில் சம்ப் சேரும் விளிம்பு நெடுகிலும், ஆயில் ஃபில்டர் பொருந்தும் இடத்தைச் சுற்றியும் தோல் தோலாகக் கழன்று வந்தது. கழன்ற துண்டு ஒன்றைத் திருப்பிப் பார்த்தபோது அதன் அடிப்பக்கத்தில் பழுப்பு நிறத்தில் மெல்லிய எண்ணெய்ப் படலம் இருந்தது. மணல் அச்சில் வார்த்த இரும்பு சொரசொரப்பானது; அதன் நுண்ணிய குழிகளில் தங்கிய எண்ணெய், துணியால் துடைத்தவுடன் போய்விட்டதுபோல் தோன்றினாலும், எஞ்சின் சூடேறும்போது கசிந்து மேலே வந்து பெயிண்டைத் தூக்கிவிடுகிறது.

ஆகவே சுத்தம் செய்வதற்குத்தான் நான் அதிக நேரம் ஒதுக்குகிறேன். கெட்டிப்பட்ட அழுக்கைச் சுரண்டி எடுத்த பிறகு, மண்ணெண்ணெயும் கம்பி பிரஷும் கொண்டு தேய்க்கலாம். ஆனால் மண்ணெண்ணெயே ஒரு படலத்தை விட்டுச்செல்லும் என்பதால் அதோடு நிறுத்தக் கூடாது. சோப்புத்தூள் கலந்த வெந்நீரில் கழுவி, உடனே காற்றடித்து உலர்த்த வேண்டும், ஏனென்றால் வெற்று வார்ப்பிரும்பில் பார்த்துக்கொண்டிருக்கும்போதே செந்துரு படரத் தொடங்கிவிடும். கடைசியாகத் தின்னர் நனைத்த வெள்ளைத் துணியால், துணி வெள்ளையாகவே திரும்பி வரும்வரை துடைக்க வேண்டும். தின்னருக்கு முன்பே ஒரு சோதனை செய்து பார்க்கலாம்: சுத்தமான உலோகத்தில் தண்ணீர் தெளித்தால் அது ஒரே படலமாகப் பரவும்; முத்து முத்தாகத் திரண்டு நின்றால் அங்கே இன்னும் பிசுக்கு இருக்கிறது என்று பொருள்.

பெயிண்டைத் தேர்ந்தெடுப்பதிலும் ஒரு தவறான எண்ணத்தை அடிக்கடி காண்கிறேன். கேனில் போட்டிருக்கும் வெப்ப அளவு எவ்வளவு அதிகமோ அவ்வளவு நல்லது என்று நினைத்து, எக்ஸாஸ்டுக்கு உரிய பெயிண்டைப் பிளாக்கிற்கும் அடித்துவிடுகிறார்கள். ஓடும் எஞ்சினில் பிளாக்கின் வெளிப்பரப்பு, எஞ்சினைக் குளிர்விக்கும் திரவமான கூலன்டின் வெப்பத்தை ஒட்டியே, ஏறத்தாழ 90 முதல் 110 டிகிரி செல்சியஸ் அளவில் இருக்கும். எஞ்சின் எனாமல்கள் பொதுவாக 260 டிகிரி வரை தாங்கும் என்பதால் பிளாக், டைமிங் கவர், வால்வு கவர் ஆகியவற்றுக்கு அவை தாராளமாகப் போதும். எரிந்த புகையை வெளியேற்றும் குழாய்த் தொகுப்பான எக்ஸாஸ்ட் மேனிஃபோல்டு பல நூறு டிகிரி சூடேறுவதால், அதற்கு 650 டிகிரியும் அதற்கு மேலும் தாங்கும் சிலிகோன் அடிப்படையிலான பெயிண்ட் வேண்டும். இந்த வகை, படிப்படியாகக் கடும் சூட்டில் வெந்த பிறகே முழு உறுதியை அடையும்; அந்தச் சூட்டைப் பிளாக் ஒருபோதும் எட்டாது. எனவே அங்கே அது அரைகுறையாகவே நின்று, பெட்ரோல் பட்ட இடத்தில் இளகிவிடுகிறது.

*

முன்னர் எழுதிய நண்பரின் கருத்தை முழுமையாக ஏற்கிறேன். அலுமினியத்தைப் பற்றி மட்டும் சிறிது சேர்க்க விரும்புகிறேன். அலுமினியத்தின்மேல் எப்போதும் ஒரு ஆக்சைடு படலம் இருக்கும், அதில் சாதாரண எனாமல் நன்றாகப் பிடிக்காது. உப்புத்தாளால் லேசாகத் தேய்த்துவிட்டு, உலோகத்தை அரித்துப் பிடிக்கும் எட்ச் பிரைமரை மெல்லியதாக அடித்த பிறகு நிறத்தை அடித்தால் நிற்கிறது. இரும்பைக் கழுவப் பயன்படுத்தும் காஸ்டிக் சோடா கலந்த திரவத்தை அலுமினியப் பாகங்களின் அருகிலேயே கொண்டுபோகக் கூடாது, அது உலோகத்தையே தின்றுவிடும்.

என் தம்பி தன் காரின் வால்வு கவருக்கு மாலையில் இரண்டு கோட் அடித்து, மறுநாள் காலை இன்னொரு கோட் அடித்தபோது, முழுப் பரப்பும் கண்ணெதிரே சுருங்கிச் சுருக்கம் விழுந்தது. பல எனாமல் கேன்களில், அடுத்த கோட்டை ஒரு மணி நேரத்திற்குள் அடியுங்கள், தவறினால் 7 நாட்கள் காத்திருங்கள் என்று எழுதியிருக்கும். இடைப்பட்ட நேரத்தில் கீழ் அடுக்கு பாதிதான் இறுகியிருக்கும். புதிய கோட்டின் கரைப்பான் அதற்குள் இறங்கி அதை ஊதவைத்துவிடுகிறது. சுருங்கியதைச் சீர்செய்ய வழியில்லை, முழுவதையும் நீக்கிவிட்டு மீண்டும் தொடங்க வேண்டியதுதான். பத்து நிமிட இடைவெளியில் இரண்டு மூன்று மெல்லிய கோட்டுகளை ஒரே அமர்வில் முடிப்பதே நல்லது என்பது என் உறுதியான கருத்து.

*

நான் பழைய அமெரிக்கக் கார்களை மீட்டெடுப்பவன், எனவே நிறத்தைப் பற்றியும் பேசியாக வேண்டும். செவ்ரோலெட்டின் வி8 எஞ்சின்கள் 1976 வரை பெரும்பாலும் ஆரஞ்சு நிறத்தில் வந்தன, 1977 முதல் நீலத்திற்கு மாறின. ஃபோர்டு 1966 முதல் தன் எஞ்சின்களுக்கு ஒரே நீலத்தைப் பயன்படுத்தியது. ஆண்டை மட்டும் நம்பி நிறம் வாங்குவதைவிட, எஞ்சின் மவுண்டுக்கு அடியிலும் பிராக்கெட்டுகளுக்குப் பின்னாலும் வெயிலும் சூடும் அதிகம் படாமல் எஞ்சியிருக்கும் பழைய பெயிண்டைப் பார்ப்பது நம்பகமானது. அசல் நிறம் முக்கியமில்லாத வண்டி என்றால் நான் வெளிர் சாம்பலையே பரிந்துரைப்பேன். எண்ணெய் எங்கிருந்து கசிகிறது என்பதைக் கருப்பு மறைத்துவிடும், சாம்பல் உடனே காட்டிக்கொடுக்கும்.

பெயிண்ட் படக் கூடாத இடங்களை மூடும் மறைப்பு வேலையில் காட்டும் அவசரத்தின் விளைவு வேறு வடிவில் வரும். புதிதாகப் பெயிண்ட் அடித்த எஞ்சினைப் பொருத்திய ஒருவர், ஸ்டார்ட்டர் சோம்பலாகச் சுற்றுகிறது என்று பேட்டரியை மாற்றியும் பயனில்லாமல் என்னிடம் வந்தார். எர்த் ஒயர் பிளாக்கோடு சேரும் இடம் முழுவதும் பெயிண்டால் மூடப்பட்டிருந்தது. அந்த வட்டத்தை மட்டும் வெற்று உலோகம் தெரியும்வரை சுரண்டிப் பொருத்தியதும் கோளாறு நீங்கியது. கேஸ்கெட் உட்காரும் பரப்புகள், போல்ட் துளைகளின் மரைகள், சென்சார் பொருந்தும் இடங்கள் ஆகியவற்றையும் அவ்வாறே டேப்பாலும் அடைப்பான்களாலும் காக்க வேண்டும்.

துருவை நீக்க மணலோ கண்ணாடி மணிகளோ பாய்ச்சுபவர்களிடம் ஒன்றை வற்புறுத்திச் சொல்கிறேன்: பிரித்து, பிறகு ஆயில் வழிகளை முழுமையாகக் கழுவ முடியும் என்றால் மட்டுமே அதைச் செய்யுங்கள். உள்ளே தங்கிய சில மணிகள் பேரிங்குகளைக் கீறிவிடப் போதும். அதேபோல் ஹார்டனர் கலக்கும் இரு பாகப் பெயிண்டுகளில் உள்ள ஐசோசயனேட் என்ற வேதிப்பொருள் நிரந்தர ஆஸ்துமாவை உண்டாக்கக்கூடியது. வெளியிலிருந்து சுத்தமான காற்றைத் தரும் முகக்கவசம் இல்லாதவர்கள் கேன் எனாமலோடு நின்றுகொள்வதே பாதுகாப்பு. அடித்து முடித்த எஞ்சினை முதன்முறை ஓட்டும்போது புகையும் வாடையும் வருவது இயல்பு, எனவே அதைத் திறந்த வெளியில் வைத்துச் செய்யுங்கள். பெயிண்ட் முழுமையாக இறுகும்வரை பெட்ரோலோ பிரேக் ஆயிலோ அதன்மேல் சிந்தாமல் பார்த்துக்கொள்ளுங்கள். பிரேக் ஆயில் இறுகிய எனாமலைக்கூடக் கரைத்துவிடும், சிந்தினால் அப்போதே தண்ணீர் ஊற்றிக் கழுவிவிட வேண்டும்.