பேனல் ஒரு பக்கம், போர்டு ஒரு பக்கம்: மானிட்டரின் உட்கேபிள்களை நீட்டிய அனுபவங்கள்

சாட்ஸ்வொர்த்திலிருந்து:

தென்னாப்பிரிக்காவில், டர்பனில் உள்ள எங்கள் கோவில் மண்டபத்தில் தேவாரம் பாடுகிறவர்களில் பலருக்குத் தமிழ் எழுத்து வாசிக்க வராது. ரோமன் எழுத்தில் அச்சிட்ட தாளை வைத்துத்தான் பாடுகிறார்கள். அந்த வரிகளைத் திரையில் காட்டலாம் என்று குழுவினர் தீர்மானித்து, அன்பளிப்பாக வந்த 21.5 அங்குல முழு எச்டி மானிட்டர் ஒன்றை என்னிடம் ஒப்படைத்தார்கள். அதைப் பொருத்த வேண்டிய மாடத்தில் ஆழம் போதாது. ஆகவே பின்மூடியை நீக்கிப் பேனலை, அதாவது திரைப் பகுதியை மட்டும் மாடத்தில் நிறுத்தி, மெயின் போர்டையும் பவர் போர்டையும் பக்கத்து அலமாரிக்குள் கொண்டுபோக வேண்டியிருந்தது. உள்ளே இருந்த கேபிள்களோ ஒரு சாண் நீளத்துக்குமேல் இல்லை.

முதலில் ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். பவர் போர்டில் உருளையாக நிற்கும் பெரிய கெப்பாசிட்டரில், நம் நாட்டின் 230 வோல்ட் மின்சாரம் ஏறத்தாழ 325 வோல்ட் டிசியாகத் தங்கும். பிளக்கைப் பிடுங்கிய பிறகும் அது உடனே இறங்கிவிடுவதில்லை. மல்டிமீட்டரை வைத்துப் பார்த்து, தேவையானால் ஒரு மின்தடை வழியாக வடித்த பிறகே போர்டில் கை வைக்க வேண்டும். ஸ்க்ரூடிரைவரால் குறுக்கே தொட்டுத் தீப்பொறி பறக்க வடிப்பதை வீரமாகச் சொல்லிக்கொள்கிறவர்களை எனக்குத் தெரியும். அந்தப் பழக்கம் வேண்டாம்.

பொத்தான் பலகைக்குப் போகும் கம்பிகளைப் பற்றிச் சொல்ல அதிகமில்லை. எந்தக் கம்பியானாலும் போதும், வரிசை மாறக்கூடாது, அவ்வளவுதான். எல்இடி பின்னொளிக்கு நிலையான மின்னோட்டமே போகிறது என்பதால், அரை மீட்டர் கம்பி கூடினாலும் அதை ஓட்டும் டிரைவர் சுற்று அதைச் சரிக்கட்டிக்கொள்கிறது. ஆயினும் அங்கே பல பத்து வோல்ட் இருக்கும் என்பதை மறக்காமல் ஒவ்வொரு பற்றவைப்பின் மேலும் சூடு காட்டினால் சுருங்கும் ஹீட் ஷ்ரிங்க் குழாய் போட்டுவிட வேண்டும்.

உண்மையான வேலை, மெயின் போர்டிலிருந்து பேனலுக்குப் படத்தைக் கொண்டுபோகும் எல்விடிஎஸ் கேபிளில்தான். அதில் ஒவ்வொரு தகவலும் ஒன்றுக்கொன்று எதிராக ஏறி இறங்கும் இரண்டு கம்பிகளில், ஏறத்தாழ 350 மில்லிவோல்ட் வித்தியாசத்தில் மட்டுமே போகிறது; அந்த இணையின் மின்மறுப்பு (இம்பீடன்ஸ்) 100 ஓம் அளவில் இருக்க வேண்டும். 1920க்கு 1080 திரையை 60 ஹெர்ட்ஸில் ஓட்டும்போது பிக்சல் கடிகாரம் 148.5 மெகாஹெர்ட்ஸ். அது இரண்டு சேனல்களாகப் பிரிந்து, ஒரு துடிப்புக்கு ஏழு பிட் வீதம் போகும்போது, ஒவ்வோர் இணையிலும் நொடிக்கு ஏறத்தாழ 52 கோடி பிட் ஓடுகிறது. சேனலுக்கு நான்கு தகவல் இணைகளும் ஒரு கடிகார இணையுமாக மொத்தம் பத்து இணைகள். கூடவே பேனலுக்கான மின்சாரமும் எர்த்தும்.

டர்பன் கடை ஒன்றில் எல்விடிஎஸ் நீட்டிப்பு என்று சொல்லிக் கொடுத்த கேபிளில் கம்பிகள் முறுக்கப்படவே இல்லை. வெறுமனே பக்கத்தில் பக்கத்தில் ஓடின. அதைப் போட்டதும் படம் வந்தது, ஆனால் கரும்பகுதிகளில் பச்சைப் புள்ளிகள் மினுமினுத்தன. பிறகுதான் வீட்டில் கிடந்த நெட்வொர்க் கேபிளை எடுத்தேன். அதன் முறுக்கிய இணையும் 100 ஓம்தான். ஒரு கேபிளில் நான்கு இணைகள் என்பதால் மூன்று துண்டுகள் தேவைப்பட்டன. இணையின் இரு கம்பிகளையும் மில்லிமீட்டர் கணக்கில் ஒரே நீளமாக வெட்டி, பற்றவைக்கும் இடத்தில் முறுக்கு ஒரு சென்டிமீட்டருக்குமேல் பிரியாமல் பார்த்துக்கொண்டு, இணைப்புகள் எல்லாம் ஒரே இடத்தில் குவிந்து முண்டாகாதபடி படிப்படியாகத் தள்ளி அமைத்தேன். மேலே அலுமினியப் படலம் சுற்றி, அதைச் சட்டத்தின் எர்த்தோடு சேர்த்தேன். நெட்வொர்க் கேபிள்களில் ஒற்றை இழைக் கம்பி கொண்டவை வளைத்து வளைத்து ஓரிடத்தில் முறிந்துவிடும். பல இழைக் கம்பி கொண்ட பேட்ச் கேபிளே இதற்கு ஏற்றது.

இவ்வளவும் செய்தவன் என்ற முறையில் சொல்கிறேன்: பேனலின் கனெக்டருக்குப் பொருந்துகிற நீளமான ஆயத்தக் கேபிள் கிடைத்தால், கண்ணை மூடிக்கொண்டு அதையே வாங்குங்கள்.

பீனிக்ஸிலிருந்து:

தம்பி எழுதியது எல்இடி மானிட்டருக்குச் சரி. பின்னொளிக்குப் பழைய சிசிஎஃப்எல் என்ற மெல்லிய குழல் விளக்கு உள்ள மானிட்டரை யாராவது இதே முறையில் பிரித்துவிடப் போகிறார்களே என்று இதை எழுதுகிறேன்.

அந்த விளக்குக்கு, அதை எரியவைக்கும் இன்வெர்ட்டர் பலகையிலிருந்து வரும் இரண்டு கம்பிகளில் பல நூறு வோல்ட், விளக்கு பற்றும் கணத்தில் ஆயிரத்துக்கும் மேல், பல பத்தாயிரம் ஹெர்ட்ஸ் வேகத்தில் வருகிறது. கம்பியை நீட்டினால், அதற்கும் பக்கத்து உலோகச் சட்டத்துக்கும் இடையே உண்டாகும் கெப்பாசிட்டன்ஸ் வழியாக மின்னோட்டம் கசிந்து, விளக்குக்குப் போய்ச் சேருவது குறைந்துவிடும். என் மருமகன் ஆர்கேட் (வீடியோ விளையாட்டு) பெட்டிக்காகப் பிரித்த மானிட்டரில் நடந்தது இதுதான்: போட்டதும் இரண்டு நொடி வெளிச்சம், பிறகு இருட்டு. டார்ச் அடித்துப் பார்த்தால் படம் மங்கலாக இருந்தது. இன்வெர்ட்டர்தான் தன்னைக் காத்துக்கொள்ள நின்றுபோயிருந்தது.

ஆகவே விளக்குக் கம்பியைத் தொடாதீர்கள், இன்வெர்ட்டரை விளக்கோடு அனுப்புங்கள். பவர் போர்டும் இன்வெர்ட்டரும் ஒரே பலகையாக இருந்தால், முழுப் பலகையையும் பேனலுக்குப் பின்னாலேயே வைத்துவிட்டு, மெயின் போர்டுக்குப் போகும் 5 வோல்ட் முதலிய கம்பிகளை நீட்டுங்கள். அதிலும் கம்பியின் தடிமன் முக்கியம். 2 ஆம்பியர் ஓடும்போது, ஒரு மீட்டர் தூரத்துக்குப் போக வர, 28 கேஜ் மெல்லிய கம்பியில் 0.8 வோல்ட்டுக்குமேல் இறங்கிவிடும். 5 வோல்ட் 4.2 ஆனால் மெயின் போர்டு எழும்பி எழும்பி அணையும். அரைச் சதுர மில்லிமீட்டர் கம்பியில் அதே இறக்கம் 0.14 வோல்ட்தான்.

பீட்டர்மாரிட்ஸ்பர்க்கிலிருந்து:

என் மானிட்டரில் எல்விடிஎஸ் கம்பியாக வரவில்லை, தட்டையான எஃப்எஃப்சி பட்டையாக வந்தது. அதற்கென்று இரண்டு பக்கமும் கனெக்டர் உள்ள சிறு பலகையை வாங்கி, இன்னொரு பட்டையைச் சேர்த்தேன். இந்தப் பட்டைகளில் இரு முனைகளின் தொடுதகடும் ஒரே பக்கம் இருப்பவை, எதிரெதிர்ப் பக்கம் இருப்பவை என்று இரு வகை உண்டு. வகை மாறினால், கனெக்டரின் அமைப்பைப் பொறுத்து, முதல் பின் (தொடுமுனை) கடைசிப் பின்னாகிவிடும். பேனலுக்குப் போக வேண்டிய மின்சாரம் தகவல் கம்பியில் ஏறி, பேனலே போய்விடும். மின்சாரம் கொடுப்பதற்கு முன் இரு முனைகளிலும் மல்டிமீட்டரை வைத்து, ஒவ்வொரு பின்னாகச் சரிபார்த்த பிறகே பிளக்கைச் செருகினேன்.

கண்ணாடி விளிம்பிலிருந்து பேனலின் சொந்தப் பலகைக்கு வரும் மஞ்சள்பழுப்பு நிறப் படலங்களை நீட்ட வழியே இல்லை. அவற்றின் மேலேயே சிப்புகள் ஒட்டியிருக்கின்றன. மடித்தாலோ இழுத்தாலோ திரையில் செங்குத்துக் கோடு விழும், அதைச் சரிசெய்யும் கருவி சாதாரணப் பட்டறையில் இராது. அந்தப் பலகை பேனலோடுதான் இருக்க வேண்டும்.

லெனேசியாவிலிருந்து:

சாட்ஸ்வொர்த் நண்பர் மெயின் போர்டை ஏன் அலமாரிக்குக் கொண்டுபோனார் என்று எனக்கு விளங்கவில்லை. நான் மடிக்கணினிப் பேனல் ஒன்றைக் கண்ணாடிக்குப் பின்னால் வைத்தேன். அது இடிபி (எம்பெடட் டிஸ்ப்ளேபோர்ட்) வகை, 0.5 மில்லிமீட்டர் இடைவெளியில் மயிரிழை போன்ற கோஆக்ஸ் கம்பிகள், ஒவ்வொரு தகவல் தடத்துக்கும் நொடிக்கு 2.7 கிகாபிட். அதை வெட்டி ஒட்டுவது என்ற பேச்சுக்கே இடமில்லை என்பதால், கட்டுப்பாட்டு பலகையைப் பேனலின் முதுகிலேயே ஒட்டி, வெளியே வரும் எச்டிஎம்ஐ கேபிளை நீளமாக வாங்கினேன். வெளிக்கேபிள் நீளமாக ஓடுவதற்கென்றே செய்யப்பட்டது, உட்கேபிள் அப்படியல்ல.

மறுபடியும் சாட்ஸ்வொர்த்திலிருந்து:

நீங்கள் சொன்னது நியாயம். முடிகிறவர்கள் அப்படியே செய்யட்டும். என் மெயின் போர்டில் எச்டிஎம்ஐ சாக்கெட் பலகைக்குச் செங்குத்தாக நின்றதால், பிளக்கைச் செருகினால் மாடத்தின் ஆழத்துக்குமேல் வந்தது. அதனால்தான் அந்தப் பாடு.

நீட்டியபின் படம் கெட்டால் எங்கே தேடுவது என்று கேட்டவர்களுக்கு: பின்னொளி எரிந்தும் படமே இல்லையென்றால் கடிகார இணையையும் பேனலுக்குப் போகும் மின்சாரத்தையும் முதலில் பாருங்கள். ஒரு நெடுவரிசை விட்டு ஒரு நெடுவரிசை கெட்டிருந்தால் இரு சேனல்களில் ஒன்று போயிருக்கிறது. நிறங்கள் படிக்கட்டு போல் திட்டுத்திட்டாகத் தெரிந்தால் நான்காவது தகவல் இணையைச் சந்தேகிக்கலாம். கேபிளே சரியாக இருந்தும் அப்படித் தெரிந்தால், மெயின் போர்டில் பிட்களை அடுக்கும் வீசா (VESA), ஜெய்டா (JEIDA) என்ற இரண்டு வரிசை முறைகளில் தவறானது தேர்வாகியிருக்கக்கூடும். சில நாள் நன்றாக ஓடிய பிறகு புள்ளிகள் மினுமினுத்தால், நம் கடற்கரை ஈரக்காற்றில் இணைப்புகள் பச்சை பிடித்திருக்கின்றனவா என்று பார்த்து, பற்றவைக்கும்போது பூசும் ஃபிளக்ஸின் எச்சத்தை ஐசோபுரொப்பைல் ஆல்கஹாலால் துடைத்துவிட்டு, மறுபடி பற்றவையுங்கள்.