பத்தாவது முடித்த மகள், பயோ-மேக்ஸ் எடுத்தால் ஓவியத்தை விடச் சொல்கிறார்கள்

கேள்வி: வேலூர் அம்மா

வணக்கம். மகள் இந்த வருடம் பத்தாம் வகுப்பு முடித்தாள், 500க்கு 462. ஆறாவதிலிருந்து வரைகிறாள், பள்ளி ஆண்டு விழா நாடகங்களுக்குப் பின்னால் கட்டும் திரை முழுக்க அவள் வரைந்ததுதான். இப்போது படிக்கும் தனியார் பள்ளியில் பயோ-மேக்ஸ் தருகிறார்கள், ஆனால் காலை 7:30க்கு வந்துவிட வேண்டும், மாலை 6:30 வரை நீட் வகுப்பு, ஞாயிற்றுக்கிழமை தேர்வு. ஓவியம், பாட்டு, விளையாட்டு எதற்கும் பீரியட் கிடையாது. "ரெண்டு வருஷம்தானே, அப்புறம் வரையட்டும்" என்கிறார்கள், வீட்டுக்காரரும் அதையே சொல்கிறார். டாக்டராக வேண்டும் என்று அவள் ஒரு நாளும் சொன்னதில்லை. ஆனால் கணக்கும் இயற்பியலும் அவளுக்கு நிஜமாகவே பிடிக்கும். எல்லாம் சேர்த்துப் படிக்க வழி இருக்கிறதா? படித்தால் பின்னால் கஷ்டப்படுவாளா?

பதில் 1: ஓவிய ஆசிரியர், அரசுப் பள்ளி

அம்மா, நான் 2012இல் சேர்ந்த பகுதிநேர ஆசிரியர். ஓவியம், இசை, தையல், உடற்கல்வி என்று மாநிலம் முழுக்க 16,500 பேருக்கு மேல் அப்போது எடுத்தார்கள், வாரத்துக்கு மூன்று அரை நாள், சம்பளம் 5,000 ரூபாயில் ஆரம்பித்தது. அதனால் ஓவியப் பீரியடுக்கு என்ன மதிப்பு தருகிறார்கள் என்பது எனக்கு நன்றாகவே தெரியும்.

எட்டாம் வகுப்பில் ஒரு மண்பானையை மேசைமேல் வைத்து நாற்பது நிமிடம் பார்த்து வரையச் சொல்வேன். முதலில் எல்லோரும் மனதில் இருக்கும் பானையைத்தான் வரைவார்கள், எதிரில் இருப்பதை அல்ல. பென்சிலைக் கை நீட்டிப் பிடித்து, ஒரு கண்ணை மூடி, வாய் அகலத்துக்கு உயரம் எத்தனை மடங்கு என்று அளக்கக் கற்றுக்கொடுத்தபிறகுதான் பானை பானையாக வரும். அது விகிதம், கணக்குப் புத்தகத்தில் இருக்கும் அதே விகிதம். கணக்கில் 20 வாங்கும் பையன்கள் இதை முதலில் பிடித்துக்கொள்வதைப் பலமுறை பார்த்திருக்கிறேன், அன்றைக்கு அவர்கள் முகமே வேறு மாதிரி இருக்கும்.

2022-23இலிருந்து அரசுப் பள்ளிகளில் கலைத் திருவிழா நடக்கிறது, மிக நல்ல விஷயம். ஆனால் போட்டி என்றால் ஏற்கெனவே ஆடத் தெரிந்த பிள்ளைதான் மேடைக்குப் போகும். கடைசி பெஞ்சில் இருப்பவனுக்கு வாரம் ஒரு பீரியட் வேண்டும். அதைக் கணக்கு ஆசிரியர் கடன் கேட்டு வாங்கிக்கொண்டு போகக் கூடாது.

பதில் 2: ஆர்க்கிடெக்சர் மூன்றாம் ஆண்டு

"ரெண்டு வருஷம்தானே" என்பதை நம்பாதீர்கள் அக்கா. நானும் பத்தாவது வரை தினமும் வரைந்தவன், பிளஸ் ஒன்னில் நிறுத்தினேன். ஆர்க்கிடெக்சர் நுழைவுத் தேர்வான நாட்டாவுக்கு மறுபடி உட்கார்ந்தபோது கை மறந்துபோயிருந்தது, ஒரு நாற்காலியை பெர்ஸ்பெக்டிவில் போடவே மூன்று மாதம் பிடித்தது. அதைவிட, வரைந்ததை அடுத்தவரிடம் காட்டவே பயம் வந்துவிட்டது.

இன்னொன்று, பொறியியல் கவுன்சலிங் கட்-ஆஃப் 200இல் கணிதம் 100, இயற்பியல் 50, வேதியியல் 50. உயிரியல் அதில் வரவே வராது. டாக்டர் ஆசை இல்லாத பெண்ணுக்கு பயோ எதற்கு என்று வீட்டில் கேளுங்கள். அகமதாபாத் தேசிய வடிவமைப்பு நிறுவனத்தின் பி.டெஸ் என்ற வடிவமைப்புப் பட்டப்படிப்புக்கு எந்த குரூப் படித்தவரும் விண்ணப்பிக்கலாம்.

பதில் 3: திருப்பூர் அப்பா

எல்லோரும் ஒரே பக்கமாகப் பேசுகிறீர்கள், என் நிலைமையையும் சொல்கிறேன். பனியன் கம்பெனி வேலை, மகள் அரசுப் பள்ளி. அரசுப் பள்ளிப் பிள்ளைகளுக்கு 2020இல் வந்த 7.5 சதவீத மருத்துவ இட ஒதுக்கீடு இல்லாவிட்டால் மருத்துவம் என்ற நினைப்பே எங்கள் வீட்டுக்குள் வந்திருக்காது. அவள் நன்றாகப் பாடுவாள், ஆனால் இந்த இரண்டு வருடம் நீட்தான் என்று அவளேதான் முடிவெடுத்தாள். நான் தடுக்கவில்லை. பாட்டை விட்டதில் எனக்கு வருத்தம் இருக்கிறது, இரவில் சமைக்கும்போது முணுமுணுப்பாள், இப்போது அதுவும் இல்லை. ஆனால் உங்கள் பெண் மருத்துவம் கேட்கவே இல்லையே. பிறகு யாருக்காக அந்த ஞாயிற்றுக்கிழமை?

பதில் 4: சிபிஎஸ்இ பள்ளி ஆசிரியை

வழி இருக்கிறது. சிபிஎஸ்இயில் ஆங்கிலம், இயற்பியல், வேதியியல், கணிதம் இவற்றோடு ஐந்தாவது பாடமாகவே ஓவியம் எடுக்கலாம். எழுத்துத் தேர்வு 30, செய்முறை 70. சிந்துவெளி முத்திரை, அஜந்தா, சோழர் செப்புத் திருமேனி, ராஜஸ்தானி, முகலாயச் சிற்றோவியம் எல்லாம் பாடத்தில் வரும், வரலாறும் அதற்குள்ளேயே கொஞ்சம் கிடைத்துவிடும். ஒன்று மட்டும் கவனியுங்கள்: வாரியம் அனுமதித்தாலும் பள்ளி நடத்த வேண்டும். பல பள்ளிகளில் பாடம் பட்டியலில் இருக்கும், ஆசிரியர் இருக்க மாட்டார். பணம் கட்டும் முன் ஓவிய அறையைக் காட்டச் சொல்லுங்கள், போன வருடப் பிள்ளைகளின் செய்முறைப் படங்களைக் கேளுங்கள்.

வேலூர் அம்மா

எல்லோருக்கும் நன்றி. திருப்பூர் அண்ணா, உங்கள் மகளுக்கு இடம் கிடைக்கட்டும், மறுபடி பாடட்டும். பயோ வேண்டாம் என்பதில் வீட்டுக்காரர் நேற்று இரவு இறங்கி வந்துவிட்டார், கட்-ஆஃப் கணக்கைக் காட்டியதும் பேச்சு நின்றுபோனது. பக்கத்தில் இரண்டு சிபிஎஸ்இ பள்ளிகள், திங்கட்கிழமை அவளையும் கூட்டிக்கொண்டு ஓவிய அறையைப் பார்க்கப் போகிறேன். ஸ்டேட் போர்டிலிருந்து பதினொன்றாம் வகுப்பில் மாறிய பிள்ளைகள் யாராவது இங்கே இருந்தால், முதல் மூன்று மாதம் எப்படி இருந்தது என்று எழுதுங்கள்.