141, 138, அப்புறம் மூன்றாவது முறை

ரஷ்யாவில் ஆறு வருடம் மருத்துவம் படித்துவிட்டு ஊருக்கு வந்தவள் நான். வெளிநாட்டில் மருத்துவம் படித்தவர்கள் இங்கே டாக்டராக எழுத வேண்டிய எஃப்.எம்.ஜி.இ. தேர்வில் முதல் முறை 141, இரண்டாவது முறை 138. 300 கேள்விக்கு 150 வாங்கினால் பாஸ். முதல் முறை தோற்றதைக்கூடத் தாங்கிக்கொண்டேன். இன்னும் ஆறு மாதம் விழுந்து விழுந்து படித்த பிறகு மூன்று மார்க் குறைந்ததுதான் தூங்கவிடவில்லை.

அந்த ஆறு மாதமும் காலை ஐந்து மணிக்கே வீடியோ ஓட ஆரம்பித்துவிடும், ஒன்றரை மடங்கு வேகத்தில். நோட்ஸ் முழுக்க மஞ்சள், பச்சை, ரோஸ் கோடுகள். பக்கத்தைத் திருப்பினால் எல்லாம் தெரிந்த மாதிரியே இருக்கும். மூடி வைத்துவிட்டுச் சொல்லிப் பார்த்ததே இல்லை. கேள்விகளைப் போட்டுப் பார்ப்பதை "சிலபஸ் முடியட்டும்" என்று கடைசி மாதத்துக்குத் தள்ளியிருந்தேன். 19 பாடம் யாருக்கு முடிந்திருக்கிறது?

மூன்றாவது முறை தலைகீழாக மாற்றினேன். காலையில் முதல் வேலை 50 கேள்வி, அதுவும் பாடத்தைப் படிப்பதற்கு முன்னால். முதல் நாள் 17 சரி. அழுதேன், உண்மையாகவே. தப்பானதை மட்டும் ஒரு லாங் சைஸ் நோட்டில் எழுதி, பக்கத்தில் ஏன் தப்பானது என்று ஒரு வரி. அதில் ஒரு பக்கம் இன்னும் நினைவிருக்கிறது: தரையில் படுத்துத் தூங்கியவர், விடியற்காலையில் வயிற்றுவலி, இமை தொங்குகிறது, கடிவாய் தெரியவில்லை. நான் போட்ட பதில் மயஸ்தீனியா என்ற தசை பலவீன நோய். விடை கட்டுவிரியன் பாம்புக்கடி. அப்பாவிடம் சொன்னதும், "இது நம்ம ஊர்ல ஆடு மேய்க்கிறவனுக்குக் கூடத் தெரியுமே" என்று சிரித்தார்.

ஒரு மாதம் கழித்து அந்த நோட்டை எண்ணிப் பார்த்தேன். ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கு, பாடம் தெரியாததால் வந்த தப்பே இல்லை. கேள்வியில் 'எக்ஸெப்ட்' (தவிர) என்ற சொல்லைக் கவனிக்காமல் விட்டது, முதலில் போட்ட சரியான பதிலைக் கடைசி நிமிடத்தில் மாற்றியது, இப்படி. இரண்டாவது முறை நேரம் போதாமல் ஆறு கேள்வியை அப்படியே விட்டுவிட்டு வந்ததும் அப்போதுதான் உறைத்தது. நெகட்டிவ் மார்க்கே இல்லாத தேர்வு அது! அதன் பிறகு கடிகாரம் வைக்காமல் ஒரு செட்டும் போட்டதில்லை.

கம்யூனிட்டி மெடிசின் என்கிற சமூக மருத்துவப் பாடத்துக்கு மட்டும் 30 கேள்வி. நம் ஊர்த் திட்டங்களை அங்கே யார் சொல்லித் தருகிறார்கள்? வறட்டுப் பாடம் என்று இரண்டு முறையும் கடைசி வாரத்தில்தான் தொட்டேன். வீட்டிலேயே ஆள் இருந்தது அப்போது தோன்றவில்லை. அம்மா அங்கன்வாடி ஊழியர், 22 வருட சர்வீஸ். சாயங்காலம் முருங்கைக்கீரை ஆய்ந்துகொண்டே கேள்வி கேட்பார், நான் நோட்டைப் பார்க்காமல் சொல்ல வேண்டும். குழந்தைகளுக்குப் போடும் பெண்டாவேலன்ட் தடுப்பூசி 6, 10, 14 வாரம் என்று நான் உருப்போட்டதை அவர் ஒன்றரை, இரண்டரை, மூன்றரை மாசம் என்பார். கையைச் சுற்றி அளக்கும் டேப்பைக் கொண்டுவந்து காட்டினார். 11.5 சென்டிமீட்டருக்குக் கீழே சிவப்பு, குழந்தைக்குக் கடுமையான ஊட்டச்சத்துக் குறைவு. எம்.ஆர். என்கிற தட்டம்மை-ரூபெல்லா ஊசி மருந்தைக் கலக்கினால் நாலு மணி நேரம்தான், மிச்சம் இருந்தாலும் கொட்டிவிட வேண்டும் என்று அவர் சொன்னது, திறந்த மருந்துக் குப்பியை எவ்வளவு நேரம் வைத்திருக்கலாம் என்கிற ஓபன் வயல் பாலிசி பற்றி நான் பார்த்த மூன்று வீடியோவைவிட நன்றாக மண்டையில் ஏறியது.

குரூப் ஸ்டடியும் முயன்றேன், எனக்கு ஒத்து வரவில்லை. பாதி நேரம் கட்-ஆஃப் புலம்பல்தான்.

மூன்றாவது முறை 171. ரிசல்ட் வந்த அன்று அங்கன்வாடிக்கே ஓடிப்போய்ச் சொன்னேன். அம்மா மார்க்கைக் கேட்கவில்லை. "ஊசிக் கேள்வி வந்துச்சா?" என்றுதான் கேட்டார்.