செம்பனைக் குலைக் கணக்கில் இஃபா, மேட்ச்சா?

சிப்புட் கிராணி:
சுங்கை சிப்புட் அருகே ஒரு செம்பனைத் தோட்டத்தில் கிராணியாக இருக்கிறேன். மாலையில் மண்டோர் கொடுக்கும் குலைக் கணக்கைப் பதிய ஓகேமல் (OCaml) என்ற நிரல்மொழியில் ஒரு சிறு நிரல் எழுதி வருகிறேன். பழுத்தது, காய், அழுகியது, வெறுங்குலை என நான்கு வகைகளை அறிவித்திருக்கிறேன். பழுத்ததோடு மட்டும் எடையும் சேர்ந்து வரும். முதலில் அனைத்தையும் 'இப்படியானால் இது, இல்லையென்றால் அது' என்னும் இஃப், எல்ஸ் கொண்டே எழுதினேன். மதிப்பை வரிசையாக உள்ள வடிவங்களோடு பொருத்திப் பார்த்து, முதலில் பொருந்தும் கிளையை ஓட்டும் மேட்ச் பற்றிப் படித்த பிறகு, எடை குறைந்தபட்ச அளவுக்குச் சமமா என்று பார்ப்பதையும் அதற்குள் கொண்டுபோனேன். இப்போது எந்த எடையைக் கொடுத்தாலும் முதல் கிளையே ஓடுகிறது. அடுத்த கிளை பயன்படவில்லை என்ற எச்சரிக்கையும் வருகிறது. எதை எங்கே பயன்படுத்துவது?

பழைய பால்மரம்:
தம்பி, மேட்ச் கிளையின் இடப்பக்கம் நீங்கள் எழுதிய பெயர், முன்பே வைத்திருந்த அளவைக் குறிக்காது. அது வருகிற எந்த மதிப்பையும் வாங்கிக்கொள்ளும் புதிய பெயர். அதனால்தான் முதல் கிளையே எல்லாவற்றையும் விழுங்கிவிடுகிறது. தொடக்கத்தில் நானும் இதில் ஒரு மாலைப்பொழுதை இழந்தேன்.

கேள்வி 'இது எந்த வகை, உள்ளே என்ன இருக்கிறது' என்பதானால் மேட்ச் எழுதுங்கள். 'எவ்வளவு, எது பெரியது' என்பதானால் இஃப் எழுதுங்கள். 'பழுத்ததா' என்று இஃபில் கேட்டால் கிடைப்பது ஆம், இல்லை என்ற விடை மட்டுமே. எடையைத் தனியாகத் தேடி எடுக்க வேண்டும். மேட்ச்சில் வகையை அறியும் அதே இடத்தில் எடையும் கைக்கு வந்துவிடுகிறது. இரண்டும் கலந்தால், பழுத்தது என்ற கிளையிலேயே 'வென்' என்ற கூடுதல் நிபந்தனை சேர்த்து எடையை ஒப்பிடலாம். ஆனால் வென் உள்ள கிளை தவறக்கூடும் என்றே, நிரலைச் சரிபார்த்து மொழிமாற்றும் கம்பைலர் கருதும். ஆகவே அதற்குக் கீழே நிபந்தனையற்ற ஒரு கிளை வேண்டும்.

பினாங்கு வாசகன்:
ஐயா சொன்னது சரி, ஆனால் இரண்டையும் எதிரெதிராக நிறுத்த வேண்டியதில்லை. ஹாஸ்கெல் என்ற இன்னொரு நிரல்மொழியின் அறிக்கை இஃபையே, மெய், பொய் என்ற இரண்டு கிளைகள் கொண்ட கேஸாகத்தான் (அங்கே மேட்ச்சுக்கு நிகரானது) வரையறுக்கிறது. எனக்குப் பெரிய வேறுபாடாகத் தோன்றுவது வகைகள் கூடும்போது நடப்பதுதான். மேட்ச்சில் ஒரு வகை விடுபட்டால் ஓகேமல் 8ஆம் எண் எச்சரிக்கையைத் தரும். அடுக்கடுக்கான இஃபில் அந்த உதவி கிடையாது, புதிய வகை ஓசையின்றிக் கடைசி எல்ஸில் போய் விழும். மேட்ச்சின் கடைசியில், எதற்கும் பொருந்தும் அடிக்கோடு (_) போட்டாலும் அதே கதைதான். அதைப் பிடிக்கும் 4ஆம் எண் எச்சரிக்கை இயல்பாக அணைந்திருக்கும். நீங்களே இயக்க வேண்டும்.

சிப்புட் கிராணி:
இருவருக்கும் நன்றி. எடையை ஒப்பிடுவதை இஃபுக்கே திருப்பிக் கொண்டுவந்தேன். பிறகு உதிரிப்பழம் என்று ஐந்தாம் வகையைச் சேர்த்துப் பார்த்தபோது, கம்பைலர் இரண்டு செயற்கூறுகளைச் சுட்டிக்காட்டியது. நாள் மொத்தம் கூட்டும் மூன்றாவதை அது சுட்டவில்லை. அங்கே அடிக்கோட்டுக்கு எதிரே சுழியம் எழுதியிருந்தேன், உதிரிப்பழம் முழுவதும் கணக்கில் வராமல் போயிருக்கும். அந்த அடிக்கோட்டை அழித்துவிட்டு, ஐந்து வகைகளையும் பெயர் சொல்லி எழுதிவிட்டேன்.