ரீடச்சிங் வேலையை மட்டும் தனியாகச் செய்து சம்பாதிக்க முடியுமா?

நிழல்பிடிப்பவன்:
ஏழெட்டு வருஷமாகப் போர்ட்ரெய்ட் எடுக்கிறேன். ஷூட் இல்லாத மாதங்களில் கையை ரொம்பக் கடிக்கிறது. மற்ற போட்டோகிராஃபர்களின் படங்களை வாங்கி ரீடச் செய்து, அதாவது கம்ப்யூட்டரில் குறைகளைத் திருத்திக் கொடுக்கலாமா என்று யோசனை. இதுவரை அதை ஷூட் காசோடு சேர்த்தே கொடுத்துப் பழகிவிட்டதால், ஒரு படத்துக்கு எவ்வளவு கேட்பது என்றே பிடிபடவில்லை. செய்கிறவர்கள் சொல்லுங்கள்.

மூணாவது லேயர்:
தாராளமாகச் செய்யலாம். ஆனால் விலை சொல்வதற்கு முன்னால் கடிகாரத்தைப் பக்கத்தில் வைத்துப் பத்துப் படம் செய்து பாருங்கள். கால் மணி நேரம்தான் என்று நினைப்போம், தோல், பறக்கிற முடி, சட்டைச் சுருக்கம், அப்புறம் மூக்குக் கண்ணாடியில் விழுந்த சாஃப்ட்பாக்ஸ் (ஸ்டூடியோ விளக்குப் பெட்டி) வெளிச்சம் என்று ஒவ்வொன்றாக இழுத்து ஒரு மணி நேரத்தில் கொண்டுபோய் விடும். கலர் கரெக்‌ஷன் வேறு கணக்கு, லைட்ரூம் சாஃப்ட்வேரில் ஒரு படத்தைச் சரிசெய்து அதே வெளிச்சத்தில் எடுத்த மற்றதற்கெல்லாம் ஸிங்க் கொடுத்து அதே மாற்றத்தைப் போட்டுவிடலாம். இரண்டுக்கும் ஒரே ரேட் போட்டால் நஷ்டம் உங்களுக்குத்தான். திருத்தம் இரண்டு தடவை வரை இலவசம், அதற்கு மேல் காசு என்று முதல் நாளே எழுத்தில் சொல்லிவிடுங்கள்.

மச்சக்காரர்:
ரேட்டை விடுங்கள், அடுத்தவர் படத்தில் நம் ரசனையைக் காட்டக்கூடாது, அதுதான் கஷ்டம். ஆரம்பத்தில் ஒரு பாட்டியின் தாடையிலிருந்த மச்சத்தை அழகாக அழித்து அனுப்பினேன். "இது எங்க பாட்டியே இல்லை" என்று திரும்பி வந்தது. அன்றிலிருந்து பரு, கீறல் மாதிரி இரண்டு வாரத்தில் போகிறது எதுவோ அதை அழிப்பேன், மச்சம், தழும்பு என்றால் கேட்காமல் தொடுவதில்லை. இன்னொன்று, 300 சதவீதம் ஜூம் செய்து ஒவ்வொரு தோல் துவாரமாக நோண்டாதீர்கள். ஃப்ரீக்வென்ஸி செபரேஷனை (தோலின் நிறத்தையும் சொரசொரப்பையும் தனித்தனி லேயராகப் பிரித்துத் திருத்துவது) அளவுக்கு மீறிப் போட்டால் முகம் மெழுகுப் பொம்மைதான். டாட்ஜ் அண்ட் பர்ன் (சின்னச் சின்ன இடங்களை வெளிச்சமாக்கியும் இருட்டாக்கியும் சமன்செய்வது) நேரம் பிடிக்கும், ஆனால் தோல் தோலாகவே இருக்கும்.

ஒன்பதாம் ஷட்டர்:
பரு எடுப்பது, பின்னணி மாற்றுவது இதெல்லாம் இப்போது ஏஐ ஒரு கிளிக்கில் செய்கிறது. அந்த வேலையை நம்பி இறங்காதீர்கள். நகை, வாட்ச் மாதிரி பளபளக்கிற பொருள் படங்களில் பிரதிபலிப்பைச் சரிசெய்ய இன்னும் ஆளைத்தான் தேடுகிறார்கள். மானிட்டரை கேலிபரேட் செய்தீர்களா, அதாவது நிறமும் வெளிச்சமும் சரியாகத் தெரியும்படி அளவிட்டுச் சரிசெய்தீர்களா? அதிக பிரைட்னெஸில் எடிட் செய்துவிட்டு, பிரிண்ட் இருட்டாக வருகிறது என்று புலம்பாதீர்கள்.

நிழல்பிடிப்பவன்:
நன்றி. இன்று ஒரு படத்தை நேரம் வைத்துச் செய்தேன், 52 நிமிடம். அதில் பாதி அந்தக் கண்ணாடி வெளிச்சத்துக்கே போய்விட்டது. அதற்கு ஏதாவது குறுக்குவழி உண்டா?

மூணாவது லேயர்:
உண்டு, ஆனால் ஷூட் அன்றே செய்யவேண்டும். அதே போஸில் கண்ணாடியைக் கழற்றி ஒன்று எடுத்துத் தரச் சொல்லுங்கள், கண்ணை அதிலிருந்து எடுத்து மாஸ்க் போட்டு (அந்த இடம் மட்டும் தெரியும்படி மற்றதை மறைத்து) வைத்துவிடலாம். மைனஸ் பவர் அதிகமான கண்ணாடி என்றால் ஓரத்தில் கன்னக்கோடு உள்ளே வளைந்து தெரியும், அந்த வளைவை மட்டும் தொடாமல் விடுங்கள்.