லிமாவுக்கு பாப்பாவெரினா, வெரபமில் கலவையா?

ஓ.டி. சிஸ்டர்: பைபாஸுக்கு லிமாவை (நெஞ்செலும்புக்குப் பக்கத்தில் ஓடும் இடது தமனி) பிரித்தெடுத்ததும் அது சுருங்கிக்கொள்ளும். இத்தனை வருஷமாக பாப்பாவெரினில் (ரத்தக்குழாயைத் தளர்த்தும் மருந்து) நனைத்த காஸைச் சுற்றி வைக்கிறோம். நுனியை வெட்டிக் கிண்ணத்தில் பிடித்தால் முதலில் சொட்டுச் சொட்டாக வரும் ரத்தம், கொஞ்ச நேரம் கழித்துப் பீய்ச்சி அடிக்கிறது. புது சர்ஜன் இதை விட்டுவிட்டு வெரபமில், நைட்ரோகிளிசரின் (இவையும் குழாயைத் தளர்த்துபவைதான்) கலவை கேட்கிறார். தேவையா?

மயக்கவியல் பிஜி: தேவைதான் சிஸ்டர். கிண்ணத்தில் விழுவது மட்டும் கணக்கில்லை. பாப்பாவெரின் நல்ல அமிலம், ரத்தக்குழாயின் உள்படலத்தைப் புண்ணாக்கும். வெரபமில் 5 மி.கி., நைட்ரோகிளிசரின் 2.5 மி.கி., ரத்தம் உறையாமலிருக்க ஹெபாரின் 500 யூனிட், அமிலத்தைக் குறைக்கத் துளி பைகார்பனேட், 300 மி.லி. ரிங்கர் (உப்புக் கரைசல்) என்று கலந்தால் பி.எச். ரத்தத்தைப் போலவே 7.4-க்கு வந்துவிடும். நைட்ரோகிளிசரின் உடனே பிடிக்கும், வெரபமில் மெதுவாகப் பிடித்து நீடிக்கும்.

ஓ.டி. சிஸ்டர்: உள்ளே யார் ஏற்றினார்கள் தம்பி? நாங்கள் வெளியேதானே சுற்றுகிறோம். அபினியிலிருந்து 1848-லேயே பிரித்தெடுத்த மருந்து என்பதற்காக மட்டமா?

பழைய பெர்ஃபியூஷனிஸ்ட் (இதய-நுரையீரல் இயந்திரத்தை இயக்குபவர்): லிமாவுக்கு சிஸ்டர் சொல்வதே போதும். கையிலிருந்து எடுக்கும் ரேடியல் தமனியின் கதை வேறு. சுவரெல்லாம் தசை, தொட்டாலே முறுக்கிக்கொள்ளும். 1970-களில் பிரான்ஸில் கார்பான்டியே என்ற சர்ஜன் அதை பைபாஸுக்குக் கொண்டுவந்தார், அடைத்துக்கொள்கிறது என்று அவரே கைவிட்டார். 1990-களில் டில்டியாசெம் (வெரபமில் வகை மருந்து) துணையோடுதான் திரும்பி வந்தது. ஃபீனாக்ஸிபென்சமீன் என்ற மருந்தில் ஊறவைப்பவர்களும் உண்டு. ஒருமுறை பிடித்தால் லேசில் விடாது, ஐ.சி.யு.வில் நார்அட்ரினலின் (குழாய்களைச் சுருக்கி ரத்த அழுத்தத்தை ஏற்றும் மருந்து) ஓடினாலும் குழாய் தாங்கும்.

மயக்கவியல் பிஜி: ஃபீனாக்ஸிபென்சமீன் தடுப்பது நார்அட்ரினலின் குழாயைச் சுருக்கும் ஆல்ஃபா வழியை மட்டும் சார். உடம்பே சுரக்கும் எண்டோதெலினோ த்ராம்பாக்ஸேனோ வந்து முறுக்கினால் கைகட்டி நிற்கும். எங்கள் கலவையில் வெரபமில் கால்சியம் உள்ளே போவதையே அடைக்கிறது, எது முறுக்கினாலும் ஓரளவு கேட்கும்.

பழைய பெர்ஃபியூஷனிஸ்ட்: ஒத்துக்கொள்கிறேன். ஆனால் ஐ.சி.யு.வில் தினமும் ஓடுவது எந்த மருந்து என்று நீங்களே சொல்லுங்கள்.

மயக்கவியல் பிஜி: சரி சார், நார்அட்ரினலின்தான். சிஸ்டர், இரண்டு மருந்தும் மேஜையில் இருக்கும் நாளில் பாப்பாவெரினை ரிங்கர் லாக்டேட்டில் ஊற்றிவிடாதீர்கள், திரிந்துவிடும்.

ஓ.டி. சிஸ்டர்: எனக்கா பாடம்? போன மாசம் உங்களை மாதிரி ஒரு பிஜிதான் ஊற்றினார். மோர் மாதிரி வெள்ளையாகிவிட்டது. கொட்டிவிட்டு சலைனில் நான்தான் மறுபடி கலந்தேன். ரேடியல் எடுக்கும் நாளில் உங்கள் கலவையைப் போட்டுத் தருகிறேன். லிமாவுக்கு என் காஸ்தான்.