கோத்தகிரி நடைவழிகளை ஜிபிஎஸ் தடமாகப் பொதுவில் போடலாமா?

மலைநடை:
மூன்று வருடமாக கோத்தகிரியைச் சுற்றி நடந்து, ஒன்பது வழிகளை போனில் ஜிபிஎஸ் தடமாக, அதாவது நடந்த வழி வரைபடத்தில் கோடாக விழும்படி, பதிந்து வைத்திருக்கிறேன். ஏழு வழிகள் ஹட்டிக்கும் (படகர் ஊர்) ஹட்டிக்கும் நடுவே போகும் பழைய ஒற்றையடிப் பாதைகள். மீதி இரண்டும் காட்டுக்குள் போகிறவை, அதில் ஒன்று ரங்கசாமி மலை முடிப் பக்கம். யார் வேண்டுமானாலும் இறக்கிக்கொள்ளும்படி எல்லாவற்றையும் பொதுவில் போட நினைக்கிறேன்.

நீலகிரியிலேயே உயரமான தொட்டபெட்டாவுக்கு (2,637 மீட்டர்) உச்சி வரை வண்டி போகிறது. வருகிறவர்கள் இறங்கிப் படம் எடுத்துவிட்டுத் திரும்புகிறார்கள். கோத்தகிரிப் பக்கத்து மலைகளை நடந்தால்தான் பார்க்க முடியும். அப்புறம், ஆள் நடக்காத பாதையை இரண்டு மழைக்காலத்தில் உண்ணிச்செடி மூடிவிடுகிறது. என் பாட்டி உருளைக்கிழங்கு மூட்டையைத் தலையில் வைத்து மார்க்கெட்டுக்கு இறங்கிய பாதையில் இப்போது பாதி தூரம்தான் போக முடிகிறது. நாலு பேர் நடந்தால் அது பிழைக்கும். என்ன சொல்கிறீர்கள்?

ஹட்டிக்காரி:
போடாதீங்க தம்பி. நீங்கள் சொல்லும் ஏழு பாதையில் ஒன்று எங்கள் தேயிலைக்குள்தான் வருகிறது என்று நினைக்கிறேன். எங்களுக்கு இருப்பது ஒன்றரை ஏக்கர். போன ஜனவரியில் விடியற்காலை ஆறு மணிக்கு எட்டு பேர் வெளியூரிலிருந்து வந்து ஏறினார்கள். யாரோ அனுப்பிய தடம் போனில் இருந்தது. மேல் வளைவில் ஒற்றைக் காட்டுமாடு நின்றிருக்கிறது. கூட்டமாக நின்றால் அது தானே நகர்ந்துவிடும், தனிக் காளைக்குத்தான் நாம் வழி விட வேண்டும். இது எங்கள் வீட்டுப் பிள்ளைகளுக்கும் தெரியும். அவர்கள் கத்திக்கொண்டு கீழே ஓடிவர, மாடும் மிரண்டு அதே சரிவில் இறங்கியது. கீழே இலை பறிக்க வந்த பெண் பயந்து ஓடியதில் கல்லில் விழுந்து கணுக்கால் முறிந்தது. மூன்று மாதம் வேலைக்குப் போக முடியவில்லை. வந்தவர்கள் அன்றைக்கு மதியமே ஊருக்குக் கிளம்பிவிட்டார்கள்.

பாதை எங்கே போகிறது என்பது உங்கள் தடத்தில் இருக்கும். எந்த நேரத்தில் போகக் கூடாது என்பது அதில் இருக்குமா?

பழைய வாத்தியார்:
அந்தப் பெண்ணுக்கு நடந்தது வருத்தமானது. ஆனால் அதற்காகப் பாதையையே மறைத்து வைப்பதை நான் ஏற்கவில்லை. முப்பது வருடம் இங்கே பள்ளிப் பிள்ளைகளை நடக்கக் கூட்டிப்போனவன் நான். 1819இல் கோயம்புத்தூர் கலெக்டராக இருந்த வெள்ளைக்காரர் சல்லிவன் இந்தப் பக்கமாகத்தான் மேலே வந்தார், கன்னேரிமுக்கில் அவர் பெயரில் நினைவகம் இருக்கிறது. அவர் வந்தபோதே இங்கே ஊர்களும் ஊர்களுக்கு நடுவே பாதைகளும் இருந்தன. படகரும் கோத்தரும் இருளரும் குறும்பரும் நடந்து போட்டவை. அந்தப் பாதைகளில் எத்தனை இன்று தோட்ட வேலிக்குள்ளும் ரிசார்ட் கேட்டுக்குள்ளும் போய்விட்டன என்று ஒரு நாள் நடந்து பாருங்கள். காலங்காலமாக ஜனங்கள் நடந்த வழி இது என்பதற்கு அத்தாட்சி வேண்டுமென்றால் வரைபடம் வேண்டும். தம்பி செய்திருப்பது அந்த வேலை. வரைபடத்தில் இல்லாத பாதையை மூடினால் கேட்க ஆள் இருக்காது.

கரிக்கையூர் வழி:
நான் காட்டுக்குள் கூட்டிப்போகும் வேலை செய்கிறேன். ஹட்டிப் பாதைகளைப் பற்றி ஊர்க்காரர்கள் பேசட்டும், அந்த இரண்டு காட்டு வழிகளைப் பற்றி மட்டும் சொல்கிறேன். அது காப்புக்காடு. அனுமதி இல்லாமல் நுழைவது 1882ஆம் வருட வனச் சட்டப்படி குற்றம். சட்டத்தை விடுங்கள், குரங்கணியை நினைத்துப் பாருங்கள். 2018 மார்ச் 11, கொழுக்குமலையிலிருந்து இறங்கியவர்கள் காய்ந்த புல்லில் பிடித்த தீயில் சிக்கினார்கள். 20க்கும் மேற்பட்டவர்கள் இறந்தார்கள். சரிவில் தீ மேல்நோக்கித்தான் வேகமாக ஏறும். அந்த நேரத்தில் எந்தப் பக்கம் பாறை இருக்கிறது, எங்கே புல் குறைவு என்று தெரிந்தவன் கூட இருக்க வேண்டும். அந்தக் கோடு வைத்து என்ன செய்வீர்கள்?

2024 அக்டோபரில் அரசே தமிழ்நாடு முழுக்க 40 மலையேற்ற வழிகளைத் திறந்தது. கரிக்கையூரிலிருந்து ரங்கசாமி முடியும் அதில் ஒன்று. கட்டணம் உண்டு, கூட உள்ளூர் வழிகாட்டி வருவார். எங்கள் ஊர்ப் பையன்களுக்கு அதில்தான் வேலை. தடத்தை இலவசமாகப் போட்டால் வழிகாட்டி எதற்கு என்று கேட்பார்கள். இன்னொன்றும் இருக்கிறது. அந்த மலையில் ரங்கசாமிக்குப் பூசை செய்கிறவர் இருளர். உங்களுக்கு அது சிகரம், எங்களுக்குக் கோயில்.

மலைநடை:
கரிக்கையூர் அண்ணா, நீங்கள் சொன்னதற்கு என்னிடம் பதில் இல்லை. கோயில் என்று தெரியும், ஆனாலும் என் பட்டியலில் அதை மற்ற உச்சிகளோடு ஒன்றாகத்தான் எழுதி வைத்திருந்தேன். அந்த இரண்டையும் எடுத்துவிடுகிறேன்.

ஹட்டிப் பாதைகளில் மட்டும் எனக்கு வேறு அனுபவம் இருக்கிறது. இரண்டு வருடம் முன்பு நவம்பரில், மதியம் மூன்று மணிக்கு ஒரு ஓடைக்கு மேலே மூடுபனி இறங்கியது. பத்தடிக்கு மேல் கண் தெரியவில்லை. நடந்து பழகிய பாதைதான், ஆனாலும் இரண்டு முறை தப்பான கிளையில் இறங்கிவிட்டேன். ஒரு இடத்தில் மண் சரிந்து பாதையே இல்லை. முன்பு பதிந்த தடம் கையில் இருந்ததால்தான் இருட்டுவதற்குள் ரோட்டுக்கு வந்தேன். இது ஆபத்து, இது உதவி என்று என்னால் பிரிக்க முடியவில்லை.

ஹட்டிக்காரி:
நவம்பரில் ஏன் ஏறினீர்கள் தம்பி? ஊட்டிக்கு அந்தப் பக்கம் ஜூன், ஜூலையில் கொட்டும் மழையைத் தொட்டபெட்டா மலை தடுத்துவிடும், நமக்குப் பெரிய மழை ஐப்பசி, கார்த்திகையில். 2009 நவம்பரில் இந்த மாவட்டத்தில் எத்தனை வீடுகள் மண்ணோடு போயின! வெளியூர்க்காரர் நீலகிரி என்றால் ஒரே மழைக்காலம் என்று நினைத்துக்கொண்டு, ஜூனில் வராமல் நவம்பர் லீவில் வருவார். உங்கள் தடம் அவரைச் சரியாக அந்த மண்சரிவுக்குக் கூட்டிப்போகும்.

நீங்கள் பிழைத்தது போனால் மட்டும் இல்லை. வழி தப்பிவிட்டோம் என்று உங்களுக்குப் புரிந்ததே, அது இந்த ஊர்க்காரர் என்பதால்.

வட்டக்கானல் பக்கம்:
கொடைக்கானலிலிருந்து எழுதுகிறேன். எங்கள் வட்டக்கானலில் டால்பின் மூக்குப் பாறைக்குப் போகும் வழி சின்ன வயதில் ஒரு ஆள் போகிற அகலம்தான். படமும் இடமும் போன் போனாகப் பரவிய பிறகு லீவு நாளில் வரிசையில் நின்று இறங்குகிறார்கள். வேர்கள் எல்லாம் வெளியே தெரிகின்றன, மழையில் வழி முழுக்க வாய்க்கால். தண்ணீர் பாட்டிலுக்குத் தடை இருந்தும் சரிவில் பாட்டில் கிடக்கிறது. நாலு பேர் நடந்தால் பாதை பிழைக்கும் என்றீர்கள், சரி. நானூறு பேர் நடந்தால் என்ன ஆகும் என்பதை இங்கே வந்து பாருங்கள். எத்தனை பேர் வருவார்கள் என்பது தடத்தைப் போட்ட பிறகு உங்கள் கையில் இல்லை.

அதே சமயம் இதையும் சொல்ல வேண்டும். என் வீட்டு வாடகை அறையில் தங்குகிறவர்கள் நடக்க வருகிறவர்கள்தான். அவர்கள் வராவிட்டால் எனக்கு வருமானம் இல்லை. ஆகவே மூடு என்றும் என்னால் சொல்ல முடியாது.

பழைய வாத்தியார்:
வட்டக்கானல் நண்பர் சொல்வது நியாயம். ஆனால் கூட்டத்துக்குப் பயந்து எல்லாவற்றையும் ஊர்க்காரர் தலைக்குள் மட்டும் வைத்தால், அந்தத் தலைகள் போன பிறகு என்ன மிஞ்சும்? ஹட்டியில் பாதி வீடுகளில் பிள்ளைகள் கோயம்புத்தூரிலும் பெங்களூரிலும் இருக்கிறார்கள். அவர்களுக்கே வழி தெரியாது. வழிகாட்டி வேண்டும் என்கிறோம், நாளைக்கு வழிகாட்ட யார் இருப்பார்கள்? நான் இன்னும் போடு என்றுதான் சொல்வேன்.

ஹட்டிக்காரி:
சார், என் மகனும் பெங்களூரில்தான் இருக்கிறான். நீங்கள் சொன்னது உறைத்தது. ஆனால் அவனுக்கு வழி தெரிய வேண்டுமென்றால் அவனுக்குக் கொடுங்கள், ஊருக்கெல்லாம் ஏன்? ஒவ்வொரு ஹட்டியிலும் அந்தந்தத் தடத்தை வைத்துக்கொள்ளட்டும். நடக்க வருகிறவர் ஊரில் வந்து கேட்கட்டும். நேற்று கரடி எந்தப் பக்கம் வந்தது, எந்தத் தோட்டத்தில் மருந்து அடித்திருக்கிறார்கள், எங்கே மண் சரிந்திருக்கிறது என்று சொல்லி அனுப்புவோம். போன வாரம்கூட எங்கள் கோயிலில் விளக்கெண்ணெய்க்காகக் கரடி கதவை உடைத்தது. இது எந்தத் தடத்தில் வரும்?

பழைய வாத்தியார்:
கேட்டால் சொல்ல மாட்டோம் என்று ஒரு ஊர் முடிவு செய்தால்?

ஹட்டிக்காரி:
அப்போது அந்த வழியில் போக வேண்டாம் சார்.

மலைநடை:
வாத்தியார் சார், இந்த இடத்தில் நான் அக்கா பக்கம் சாய்கிறேன். பொதுவில் போடவில்லை. ஏழு தடத்தையும் அந்தந்த ஹட்டிக்காரர்களிடம் கொடுக்கிறேன், வேலி போட்டு அடைத்த இடங்களைத் தனியாகக் குறித்து உங்களுக்கு அனுப்புகிறேன். அது நீங்கள் கேட்ட அத்தாட்சிக்கு உதவும். அக்கா, உங்கள் தேயிலைக்குள் வரும் பாதையில் நான் பதிந்தது சரியா என்று ஒரு தடவை கூட நடந்து பார்க்க வேண்டும். வரும் ஞாயிறு வரட்டுமா?

ஹட்டிக்காரி:
ஞாயிறு இலை எடுக்கும் நாள். திங்கள் வாங்க. எட்டு மணிக்கு முன்னால் வேண்டாம், மாடு கீழே இறங்கிப் போகட்டும்.